கண்ணாடிக்கு அடியில் பதினோரு வரி

என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு ஜெராக்ஸ் தாள் இருந்தது. மற்ற அலுவலகங்களில் அந்த இடத்தில் சாமி படம் வைப்பார்கள், பிள்ளையின் பள்ளிக்கூட போட்டோவை வைப்பார்கள், பஸ் நேரத்தை எழுதி வைப்பார்கள். நான் வைத்திருந்தது பதினோரு வரி. கடலூர் கோர்ட்டில் மாவட்ட அரசு குற்றவியல் வழக்கறிஞரின் அலுவலகத்தில் பன்னிரண்டு வருஷம் தட்டச்சராக இருந்தேன். பன்னிரண்டு வருஷமும் அந்தப் பதினோரு வரியைத்தான் தட்டிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் அது கொஞ்சம்தான் மிகை.

அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கீழ்க்கோர்ட்டில் விடுதலை கிடைத்துவிட்டால், அரசு மேல்முறையீடு செய்யலாமா வேண்டாமா என்று அரசு வழக்கறிஞரிடம் கருத்துக் கேட்பார்கள். அவர் தீர்ப்பைப் படிக்க வேண்டும், சாட்சியங்களைப் புரட்ட வேண்டும், யோசித்து எழுத வேண்டும். அந்தக் கருத்துரையைப் பார்த்துத்தான் கலெக்டர் ஆபீஸும் அதற்கு மேலே இருப்பவர்களும் முடிவெடுப்பார்கள். எங்கள் அரசு வழக்கறிஞர், அதாவது பி.பி. ஐயா, படிக்க மாட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு வந்து, குமாஸ்தா அடுக்கி வைத்திருக்கும் வழக்குக் கட்டுகளை இடது கையால் என் பக்கம் தள்ளுவார். வாயில் வெற்றிலை இருக்கும். “வழக்கம்போல போட்டுடும்மா” என்பார். வழக்கம்போல என்றால் அந்தப் பதினோரு வரி. கற்றறிந்த நடுவர் சாட்சியங்களைச் சீர்தூக்கிப் பார்த்துள்ளார் என்று தொடங்கி, மேல்முறையீடு செய்ய முகாந்திரம் இல்லை எனக் கருதுகிறேன் என்று முடியும். குமாஸ்தா ஒரு துண்டுச்சீட்டில் வழக்கு எண்களைக் குறித்துத் தருவார். நான் எண்ணை மட்டும் மாற்றி மாற்றிப் போடுவேன். ஒன்றுக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது.

எப்போதாவது ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டார் என்றால் அதற்கும் ஒரு முறை உண்டு. அந்தக் காவல் நிலைய இன்ஸ்பெக்டருக்குப் போன் போடுவார். “என்னய்யா, மேல போவணுமா?” என்று கேட்பார். அந்தப் பக்கம் “வேணாங்கய்யா” என்றால் வேண்டாம். போலீஸ் செய்த வேலையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய பதவி, போலீசிடமே கேட்டு முடிவு செய்யும். இதைச் செய்துவிட்டுத்தான் அந்த மனிதர் சுவரில் மாட்டியிருந்த, அரசமைப்பை எழுதிய அண்ணல் படத்துக்குத் தினமும் மாலை மாற்றச் சொல்வார். வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு என்று எங்கள் பெண்ணாடத்துப் பக்கம் சொல்வார்கள். அந்தப் பழமொழியை யாரோ இவரைப் பார்த்த பிறகுதான் கட்டியிருக்க வேண்டும்.

ஆட்சி மாறினால் அரசு வழக்கறிஞர் மாறுவார் என்பது ஊரறிந்த வழக்கம். பதவி அரசியல்காரர்கள் தயவில் வருவது, அதே வழியில் போய்விடும். இவர் மட்டும் போகவில்லை. வேட்டிக் கரை மாறியது, ஆள் மாறவில்லை. காரின் முன்னால் இருக்கும் பதவிப் பலகையைச் சொந்த வேலையாகப் போகும்போது உறை போட்டு மூட வேண்டும் என்பார்கள். அந்த உறையை நான் பார்த்ததே கிடையாது. பெண் பார்க்கப் போனாலும், சாவுக்குப் போனாலும், மீன் வாங்கப் பரங்கிப்பேட்டைக்குப் போனாலும் பலகை பளபளவென்று முன்னால் போகும்.

இவ்வளவு வெறுப்பு எனக்கு முதல் நாளிலிருந்தே இருந்ததா என்றால் இல்லை. உண்மையைச் சொல்ல வேண்டும். பயம் இருந்தது, மரியாதை இருந்தது, மாதச் சம்பளம் இருந்தது. வெறுப்பு வந்தது என் மாமாவின் வழக்கில்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். சிதம்பரத்தில் குடித்தனம். தினமும் பஸ் ஏறி செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனிக்கு வேலைக்கு வருவார். சில நாள் சாயங்காலம் கோர்ட் வாசலில் இறங்கி, என்னைப் பார்த்து ஒரு டீ குடித்துவிட்டுப் போவார். சட்டையில் அந்த ஊசிப்போன முட்டை வாடை இருக்கும். “வாடை அடிக்குதா? இதுதான் எங்க சென்ட்டு” என்று சிரிப்பார். ஒரு நாள் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கச் சொல்லியிருக்கிறார்கள். முகமூடி கொடுக்கவில்லை, கயிறு கட்டவில்லை, உள்ளே வாயு இருக்கிறதா என்று யாரும் சோதிக்கவில்லை. இறங்கினவர் ஏறவில்லை. மேற்பார்வை பார்த்த மேனேஜர் மேல் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக வழக்குப் போட்டார்கள். மாமாவோடு வேலை பார்த்த இரண்டு பேர் கோர்ட்டில், நாங்கள் அங்கே இல்லை, எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். மேனேஜருக்கு விடுதலை. அந்த இரண்டு பேரும் மாமா வீட்டில் சாப்பிட்டவர்கள். அவர்களைக்கூட நான் ஒருமாதிரி மன்னித்துவிட்டேன். அவர்களுக்கு அந்தக் கம்பெனியில்தான் சோறு.

அக்கா என்னைத்தான் நம்பினாள். பி.பி. ஆபீஸில் தங்கச்சி இருக்கிறாள், மேலே போவார்கள் என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். ஐயாவிடம் மூன்று தடவை சொன்னேன். முதல் தடவை “கட்டு வரட்டும்மா” என்றார். இரண்டாம் தடவை தலையை ஆட்டினார். மூன்றாம் தடவை கோர்ட்டிலிருந்து அறைக்கு நடந்துகொண்டிருந்தபோது பின்னாலேயே ஓடிச் சொன்னேன். “உங்க மாமா கேஸ நா பாக்காம யாரு பாப்பா? கவலய வுடு” என்றார். விட்டுவிட்டேன்.

கட்டு வந்தது எனக்குத் தெரியாது. இல்லை, தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் நாங்கள் மனப்பாடமாக வைத்திருந்தது போலீஸ் போட்ட குற்ற எண். முதல் தகவல் அறிக்கையை அக்கா பிளாஸ்டிக் உறையில் போட்டு அரிசி டிரம் மேல் வைத்திருந்தாள். அந்த எண்ணைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கருத்துரையில் போடுவது கோர்ட் கொடுக்கும் வழக்கு எண். அது வேறு. ஒரு வெள்ளிக்கிழமை, துண்டுச்சீட்டில் பதினாறு எண். வழக்கம்போல என்றார். நானும் வழக்கம்போலவே தட்டினேன். ஒரு கட்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்துப் பார்க்கும் பழக்கம் அந்த அறையில் யாருக்கும் கிடையாது, எனக்கும் தொற்றிவிட்டிருந்தது. அன்றைக்கு ஐந்தரை பஸ்ஸைப் பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போனேன்.

ஒரு மாதம் கழித்துக் கலெக்டர் ஆபீஸிலிருந்து பதில் வந்தது. உங்கள் கருத்துரையை ஏற்று மேல்முறையீடு கைவிடப்படுகிறது என்று இருந்தது. அதில் கோர்ட் எண்ணுக்குக் கீழே குற்ற எண்ணும் போட்டிருந்தார்கள். வந்த தபால்களைப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டிருந்த என் கை அந்த எண்ணில் நின்றது. தாலியறுத்த என் அக்காவுக்கு நானே குழி வெட்டியிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. எழுந்து கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஐயாவிடம் போய் நின்றேன். காகிதத்தைப் பார்த்தார். “அட, இது உங்க மாமா கேஸா? மின்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா” என்றார். மூன்று தடவை சொன்னேன் ஐயா என்றேன். காது கேட்காதவர்போலக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இனி என்ன வழி என்று கேட்டேன். “அரசு போகலன்னா அதோட முடிஞ்சிதும்மா. பாதிக்கப்பட்டவங்க தனியா போறதுக்குச் சட்டத்துல எடமில்ல” என்றார். அதைச் சொல்லும்போது குரலில் ஒரு துக்கம்கூட வரவழைத்துக்கொண்டார். பாவி மனுஷன், அந்தத் துக்கத்தை நான் நம்பினேன்.

வெளியே வேப்பமரத்தடியில் பத்து இளம் வக்கீல்கள் வெட்டியாக நின்றுகொண்டிருப்பார்கள். ஒருவரைக் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. பி.பி. ஐயா சொன்னதற்கு மேல் சட்டம் உண்டா என்ன? அக்காவிடம் போய், அரசு போகாதாம் என்றேன். யார் முடிவு பண்ணினது என்றாள். ஆபீஸில் என்றேன். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் ஆறு வருஷம் ஒளிந்துகொண்டிருந்தேன். அக்கா பிளாஸ்டிக் உறையை அரிசி டிரம் மேலிருந்து எடுத்துப் பீரோவுக்குள் வைத்தாள். சிதம்பரத்தில் ஒரு தையல் கடையில் பிளவுஸ் தைக்கப் போனாள்.

பிறகுதான் புதிய சட்டங்கள் வந்தன. வழக்கு நடத்தும் துறை போலீசின் கையிலிருந்து தனியாக நிற்க வேண்டும், அதற்கென்று இயக்ககம், மாவட்டத்துக்கு மாவட்டம் அதிகாரிகள், மேல்முறையீடு வேண்டுமா வேண்டாமா என்ற கருத்தையும் அவர்களே சொல்வார்கள் என்று பேச்சு வந்தது. ஐயாவுக்குத் தூக்கம் போய்விட்டது. வெள்ளிக்கிழமைக் கட்டுகள் வேறு மேஜைக்குப் போய்விடுமே. அதுவரை பதவியின் சுதந்திரம் என்று ஒரு வார்த்தை பேசியிராத மனிதருக்குத் திடீரென்று அரசமைப்புச் சட்டத்தின் மேல் காதல் வந்தது. மாநிலத் தலைமை வழக்கறிஞருக்கு அரசமைப்பில் தனியாக ஒரு பிரிவு இருக்கிறது, மாவட்டத்தில் வெயிலில் நிற்கும் எங்களுக்கு ஏன் இல்லை, அரசமைப்பைத் திருத்தி எங்களையும் அதில் சேர்க்க வேண்டும், எங்களை யாரும் அசைக்க முடியாதபடி செய்ய வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பேசினார். சிதம்பரத்தில் ஒரு கருத்தரங்குக்கு அழைப்பு வந்தது. உரையை அவர் நடந்துகொண்டே சொல்ல, நான் தட்டினேன்.

யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டது தவறே இல்லை. அந்தப் பதவிக்கு யாருக்கும் பயப்படாத ஓர் இடம் வேண்டும்தான். இன்ஸ்பெக்டருக்குப் போன் போடாத ஒருவர், கரைவேட்டிக்குப் பயப்படாத ஒருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் என் மாமாவின் கட்டு பிரிக்கப்பட்டிருக்கும். ஆனால் சுதந்திரத்தை எவன் கேட்கிறான் என்று ஒன்று இருக்கிறதே. பூட்டை மாற்றச் சொல்லித் திருடனே மனு கொடுத்தால் எப்படி இருக்கும்? நான்காவது பக்கமோ ஐந்தாவது பக்கமோ, அவருடைய குரல் மேடைக்குப் போய்விட்டது. இன்று பாதிக்கப்பட்டவர் அரசிடம் கையேந்தி நிற்க வேண்டியதில்லை, அரசு மேல்முறையீடு செய்யாவிட்டாலும் பாதிக்கப்பட்டவரோ அவருடைய வாரிசோ தாமே செய்யலாம், இந்த உரிமை புதிய சட்டத்துக்கு வெகு காலம் முன்பே வந்துவிட்டது, அதை ஏழை மக்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டியது நம் கடமை என்றார்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் விரல்கள் நின்றுவிட்டன.

“ஏம்மா நின்னுட்ட?” என்றார்.

“ஐயா, இது எப்பலேர்ந்து இருக்கு?”

“அது ரொம்ப வருஷமா இருக்கும்மா. நம்ம ஜனங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியறதில்ல.”

முகத்தைப் பார்த்தேன். ஒரு சின்ன நெளிவு, ஒரு தயக்கம், ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். எதுவும் இல்லை. என்னிடம் பொய் சொன்னது அவருக்கு ஞாபகமே இல்லை. ஒரு குடும்பத்தின் வழக்கை மூடிக் கட்டியது அவர் மனதில் ஒரு துரும்பாகக்கூடத் தங்கவில்லை. தெரிந்தே செய்தார் என்றால்கூட என்னால் தாங்கியிருக்க முடியும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இந்தப் பூசாரி, வரம் என்ற ஒன்று இருப்பதையே மறைத்துவிட்டு, மறைத்ததையும் மறந்துவிட்டார். மிச்ச உரையைத் தட்டி முடித்தேன். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை.

கருத்தரங்குக்கு நானும் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். கடமை என்ற இடத்தில் கைதட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். நான் எழுந்து தையல் கடைக்கு நடந்தேன். உரையின் அந்தப் பக்கத்தை அக்காவிடம் நீட்டினேன். அக்கா மெஷின் மிதிப்பதை நிறுத்திவிட்டு இரண்டு தடவை படித்தாள். “அப்ப நாம போயிருக்கலாமா?” என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். மிச்சத்தைச் சொல்ல அன்றைக்கும் வாய் வரவில்லை.

கடலூரில் ஓர் இளம் பெண் வக்கீலைப் பிடித்தோம். இன்னும் போகலாம், ஆனால் ஆறு வருஷத் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போட வேண்டும் என்றாள். “காரணம் வேணும்க்கா. காரணம் உண்மையா இருக்கணும். பி.பி. அப்பிடி சொன்னாருன்னா, கேட்டவங்க நீங்க. நீங்கதான் எழுதித் தரணும்.” எழுதித் தருவதென்றால் முழுதும் எழுத வேண்டும். கருத்துரை எப்படித் தயாராகும், யார் படிப்பார், யார் படிக்க மாட்டார், கடைசியில் அதைத் தட்டியது யார். அந்தப் பிரமாண வாக்குமூலத்தை நானே தட்டினேன். மாதிரி எதுவும் இல்லாமல் நான் தட்டிய முதல் காகிதம் அதுதான். ஒரு பகல் முழுக்க ஆனது.

அக்கா தன் மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் என்னுடையதைக் கேட்டு வாங்கிப் படித்தாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படித்து முடித்துத் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

“எத்தினி வரி?”

“பதினொண்ணு.”

“அடிக்க எவ்ளோ நேரம் ஆச்சு?”

“ரெண்டு நிமிஷம்.”

“அவுரு அந்தத் தொட்டியில அதவிட ஜாஸ்தி நேரம் உசுரோட இருந்தாருன்னு டாக்டர் சொன்னாரு” என்றாள். பிறகு பேனாவைக் கேட்டாள். கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். ஐயா ஏன் என்றுகூடக் கேட்கவில்லை, வேறு பெண்ணைப் பார்க்கச் சொல்லிக் குமாஸ்தாவிடம் சொன்னார். கிளம்புவதற்கு முன்னால் மேஜைக் கண்ணாடியைத் தூக்கி அந்தத் தாளை எடுத்தேன். பன்னிரண்டு வருஷம் வெயிலும் ஈரமும் பட்டு, தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மெல்ல உரித்தேன். எட்டு வரி என்னோடு வந்தது. கடைசி மூன்று வரியின் மசி கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. தாளில் அந்த இடம் வெள்ளையாக இருந்தது. அப்படியே வாக்குமூலத்தோடு இணைத்தோம்.

தாமத மனு விசாரணைக்கு வந்தபோது அரசுத் தரப்பில் நின்றவர் ஐயாவேதான். எழுதி வந்த ஆட்சேபணையை வாசித்தார். ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் மனுதாரர் விளக்கம் தரவில்லை என்றார். அதுவும் வழக்கமான காகிதம்தான், அதையும் நான்தான் எத்தனையோ தடவை தட்டியிருக்கிறேன். அடுத்த வார்த்தை என்ன வரும் என்று அவருக்கு முன்னால் என் உதடு சொல்லிக்கொண்டிருந்தது. பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்பது நம் கடமை என்று சிதம்பரத்தில் பொன்னாடை வாங்கின அதே வாய், என் அக்காவைத் தாமதக்காரி என்றது.

நீதிபதி அம்மா அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்து, இது உங்கள் அலுவலகத்துத் தாளா என்று அவரைக் கேட்டார். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யார் வேண்டுமானாலும் இப்படி ஒன்றைத் தயார் செய்யலாம், எங்கள் அலுவலகத்துடையது என்பதற்கு என்ன ஆதாரம் என்றார். கடைசியில் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று அம்மா என்னைக் கேட்டார். இரண்டு கையையும் கட்டிக்கொண்டு சொன்னேன்.

“மிச்சம் மூணு வரி ஐயா ஆபீஸ்ல என் மேஜைக் கண்ணாடியில ஒட்டிக்கிட்டிருக்குங்கம்மா. தாள வெச்சுப் பாத்தா பொருந்தும்.”

அம்மா அவரைப் பார்த்து, கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லட்டுமா என்றார். ஐயா குமாஸ்தாவைத் திரும்பிப் பார்த்தார். குமாஸ்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்சேபணையை வலியுறுத்தவில்லை என்று ஐயா சொன்னது முன்வரிசைக்குக்கூடச் சரியாகக் கேட்டிருக்காது. அம்மா இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இன்னொரு தடவை சொன்னார்.

தாமதத்தை மன்னித்தார்கள், மேல்முறையீட்டுக்கு எண் கிடைத்துவிட்டது. இந்தத் தடவை குற்ற எண், கோர்ட் எண் இரண்டையும் மனப்பாடம் செய்திருக்கிறேன். வாய்தா தேதிகளில் அக்கா சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறாள், நான் கோர்ட் வாசலில் நிற்கிறேன், சேர்ந்து உள்ளே போகிறோம். வழக்கைப் பற்றிப் பேசுவாள். வேறு எதுவும் என்னோடு பேசுவதில்லை. அதைக் கேட்க எனக்கு வாய் கிடையாது.

என் இடத்துக்கு வந்த பெண் போன வாரம் வேப்பமரத்தடியில் என்னைப் பார்த்தாள். கண்ணாடியிலிருந்த மூன்று வரியைப் பிளேடால் சுரண்டச் சொன்னாராம் ஐயா. கண்ணாடியில் கீறல் விழுந்ததே தவிர எழுத்து போகவில்லையாம். கடைசியில் அரசமைப்பின் முகப்புரையைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொண்டுவந்து, பார்க்கிறவர்கள் கண்ணில் படும்படி அதே கண்ணாடிக்கு அடியில் வைக்கச் சொன்னாராம். வைத்திருக்கிறாள். எழுத்து கண்ணாடியில் ஒட்டியிருக்க, முகப்புரை அதற்குக் கீழே கிடக்கிறது. இந்திய மக்களாகிய நாம் என்று படித்துக்கொண்டே வந்தால், எல்லாக் குடிமக்களுக்கும் நீதி என்று வரும் இடத்தில், அதற்கு மேலேயே, முகாந்திரம் இல்லை எனக் கருதுகிறேன் என்று இன்னும் தெளிவாகத் தெரிகிறதாம்.